மூன்று விரல் மேலே

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நாடா எங்கள் கடைக்கு வந்த முதல் நாளே அவளை எனக்குப் பிடிக்கவில்லை. ட்ரையல் ரூமுக்குள் போகிறவள் திரையை இழுத்துவிட்ட பிறகு மறுபடி ஒரு விரற்கடை விலக்கி, வெளியே யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பாள். நேர்மையான ஆளுக்கு அந்தப் பார்வை எதற்கு?

பெண்களுக்கான ரெடிமேட் கவுன் கடை அது. முன்பக்கம் விளக்கும் கண்ணாடியுமாக மினுக்கும். பின்பக்கம் நானும் என் இஸ்திரிப் பெட்டியும் ஒரு நீள மேஜையும். எனக்கும் ட்ரையல் ரூமுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அந்தப் பக்கம் ஒருத்தி மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே வாங்கினால்கூட இந்தப் பக்கம் கேட்கும். பதினாலு வருஷம் அந்தத் தடுப்புக்குப் பக்கத்தில் நின்றவள் நான். உடுப்பு மாட்டுகிற இடத்தில் பெண்கள் பேசுவதைக் கேட்டால் யாரையும் சுலபத்தில் நம்ப வராது.

அவள் கையில் எப்போதும் ஒரு கறுப்பு எலாஸ்டிக் சுற்றியிருக்கும், வளையல் மாதிரி. அதனால்தான் நாடா என்று பெயர் விழுந்தது. வயது நாற்பத்தைந்து இருக்கும். ஒல்லியுமில்லை, பருமனுமில்லை. முன்னால் ஒரு பெரிய தையல் ஃபாக்டரியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள். அங்கே ஒருத்திக்குக் காலர் மட்டும், இன்னொருத்திக்குக் கை மட்டும் என்று பிரித்துவிடுவார்களாம். இவளுக்கு விழுந்தது இடுப்பு. மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் சேர்க்கிற அந்த ஒரே ஒரு தையல். ஒரு முழு கவுன் ஆள்மேல் எப்படி இருக்கும் என்று பார்க்காமலே பதினெட்டு வருஷம் ஓடியிருக்கிறது. ஃபாக்டரியை மூடினார்கள். மிதித்து மிதித்து வலது கால் மரத்துப்போனதால் வேறு எவனும் மெஷினில் உட்கார வைக்கவில்லை. இப்படித்தான் எங்கள் கடையில் ஃபிட்டிங் பார்க்கிற வேலைக்கு வந்தாள்.

தம்பி வீட்டில் இருந்தாள். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கிற நடைதான் அவள் படுக்கை. விடிந்தால் எல்லோரும் அவளைத் தாண்டித்தான் போவார்கள். தம்பி பெண்டாட்டி ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டாளாம், பெருமூச்சு மட்டும் விடுவாளாம். நாடா ஒரு ரூம் பார்த்து வைத்திருந்தாள். மாடியில் ஒற்றை ரூம். ஜன்னல் ஒன்று. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள்.

“அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுட்டு ஒரு நாள் முழுக்கத் தூங்கணும்கா” என்றாள்.

வீட்டுக்காரம்மா ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். வேலை நிரந்தரம் என்று கடையிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். எங்கள் கடையில் முதல் மூன்று மாசம் சோதனை. அது முடிந்தால்தான் கடிதம். ஆக, அவளுடைய தாழ்ப்பாள் மூன்று மாசத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.

இதையெல்லாம் வந்த மூன்றாம் நாளே டீ குடிக்கிறபோது சொல்லிவிட்டாள். நான் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்காமலே இவ்வளவு சொல்கிறவள் வேறு எதையோ சொல்லாமல் வைத்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதே பட்டது.

ட்ரையல் ரூம் கண்ணாடி லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கும். அதில் பார்த்தால் எந்தக் குள்ளச்சியும் ஒரு சாண் வளர்ந்து தெரிவாள். அது தற்செயலாகச் சாய்ந்ததில்லை, வேண்டுமென்றே சாய்த்தது. நாடா இரண்டாம் வாரம் அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்து, கண்ணாடிக்குப் பின்னால் மேல்பக்கம் செருகி நேராக நிற்க வைத்துவிட்டாள்.

“ஏம்மா, நல்லா இருந்த கண்ணாடியை ஏன் நோண்டற?” என்று கேட்டேன்.

“வீட்டுக் கண்ணாடி நேராத்தானே அக்கா நிக்கும். இங்க ஒரு உடம்பும் அங்க ஒரு உடம்பும் தெரிஞ்சா கவுன் திரும்பி வராதா?”

பதில் சரியாகத்தான் இருந்தது. சரியான பதிலைக் கையில் தயாராக வைத்திருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆகாது.

அவள் வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் டேப்பை எடுத்து வயிற்றைச் சுற்றிப் பிடிப்பார்கள். வந்தவள் உடனே மூச்சைப் பிடிப்பாள். அளவு பொய்யாகிவிடும். நாடா டேப்பையே தொட மாட்டாள். அந்தக் கறுப்பு எலாஸ்டிக்கை வந்தவளின் வயிற்றைச் சுற்றிப் போட்டு விடுவாள்.

“கையைத் தூக்குங்க. மேல் அலமாரியில எதையோ எடுக்கிற மாதிரி. அப்படித்தான். வலது பக்கம் சாயுங்க. இடது பக்கம். இப்போ ஸ்டூல்ல உக்காருங்க.”

“உக்காரணுமா? நின்னு பார்த்தாப் போதாதா?”

“நின்னுக்கிட்டேவா இருக்கப் போறீங்க?”

சாய்ந்து, நிமிர்ந்து, உட்கார்ந்து எழுந்த பிறகு எலாஸ்டிக் தானாக நகர்ந்து ஒரு இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அதுதான் அவளுடைய இடுப்பு. முக்கால்வாசிப் பேருக்கு அது அவர்கள் நினைத்த இடத்தில் இருக்காது.

“கவுன் தைக்கிறவன் ஒரு பொம்மையைப் பார்த்துத் தைக்கிறான். எல்லாருக்கும் ஒரே இடத்துல இடுப்பை வச்சுடறான்” என்பாள். தொடை அகலமாக இருக்கிறவளுக்கு எலாஸ்டிக் நின்ற இடத்தில் ஒட்டிப் பிடித்து, அதற்குக் கீழே தாராளமாக விரிகிற கவுன். பிள்ளை பெற்று வயிறு இறங்காதவளுக்கு மார்புக்குக் கீழேயே தையல் வந்து, அங்கிருந்து துணி வழுக்கி விழ வேண்டும். மேலிருந்து கீழ்வரை பென்சில் மாதிரி இருக்கிறவளுக்கு இடுப்பில் சுருக்கு வைத்து அதே துணியில் ஒரு பட்டை. உடம்பு குட்டை, கால் நெட்டை என்றால் தையலைச் சற்றுக் கீழே இறக்கிவிடுவாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாகிவிட்டது.

எங்கள் சேல்ஸ் பெண் ஒருத்தி, எவள் எதைப் போட்டுக்கொண்டு வந்தாலும் “சூப்பரா இருக்கு மேடம்” என்பாள். அவளுக்குச் சூப்பர் என்றே பெயர். நாடா அதற்கு நேர் எதிர். “இது வேணாம், கழட்டுங்க” என்று முகத்துக்கு நேராகவே சொல்வாள். பெண்கள் சண்டைக்கு வர வேண்டும், நியாயமாக. ஆனால் அடுத்த வாரம் தங்கையையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இது எப்படி? என் மூக்கு வேர்த்தது.

என்னையும் அவள் விடவில்லை. ஒரு நாள் ஏப்ரன் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே நின்றவள், “அக்கா, உங்க இடுப்பு நீங்க நினைக்கிற இடத்துல இல்ல” என்றாள்.

“என்னது?”

“மூணு விரல் மேல இருக்கு. நீங்க கயிறைக் கீழ கட்டறீங்க, அதான் கட்டையாத் தெரியறீங்க.”

“இந்தா பாரு, நான் மூணு பிள்ளை பெத்தவ. என் இடுப்பு எங்க இருக்குன்னு உனக்கு முந்தியே எனக்குத் தெரியும்.”

“சரிக்கா” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. எந்தக் கவுனை முதலில் தேய்க்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தனுப்பினாள். நான் அதை மேஜைக்கு அடியில் செருகிவிட்டேன். பத்து நிமிஷம் கழித்து அவளே வந்து, நீலத்தை முதலில், பூப்போட்டதை அப்புறம் என்று வாயால் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் எனக்கு எதையுமே எழுதித் தரவில்லை. எழுத்தில் எதுவும் சிக்கிவிடக் கூடாது என்று பார்க்கிறாள், கைகாரி என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் படிக்க வராது. கடையில் அது யாருக்கும் தெரியாது. பதினாலு வருஷம் நான் ஒப்பேற்றியது கலரை வைத்து. எங்கள் கடை ஹேங்கர் ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். மஞ்சள் சின்னது, பச்சை நடுத்தரம், சிவப்பு பெரியது, ஊதா அதற்கும் பெரியது. சைஸ் என்றால் எனக்கு அந்த வளையம்தான். கழுத்துக்குள் தைத்திருக்கிற சீட்டுகளை நான் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு பெரிய லேபிள், அதற்குக் கீழே நகத்தளவு ஒரு வெள்ளைச் சீட்டு, சிவப்பு நூலில் ஏதோ எழுத்து. ஆனால் அந்தச் சின்னச் சீட்டு என்னவென்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். எங்கள் மேனேஜர் எந்தக் கவுன் திரும்பி வந்தாலும் முதலில் கழுத்துக்குள் விரலை விட்டு அந்தச் சீட்டைத்தான் பார்ப்பார். அது இருந்தால் வாங்கிக்கொள்வார். இல்லாவிட்டால் முகம் மாறும். அப்படியென்றால் சரக்கு நம்முடையதுதான் என்பதற்கு அதுதானே அடையாளம்?

மேனேஜரை எக்ஸ்ரே என்போம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சேல்ஸ்மேன் எங்கள் லேபிள்களைக் கத்தரித்துக் கொண்டுபோய், வெளியே மட்டமான கவுன்களில் தைத்து விற்றுவிட்டான். அன்றிலிருந்து சாயங்காலம் வீட்டுக்குப் போகிறபோது எங்கள் பைகளைத் திறந்து காட்டியாக வேண்டும். என் சாப்பாட்டு டப்பாவைக்கூட மோந்து பார்ப்பார்.

இப்போது கேளுங்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் நாடா ஒவ்வொரு கவுனையும் மாட்டிவிடுவதற்கு முன்னால், “ஒரு நிமிஷம், நூல் தொங்குது” என்பாள். உடனே ‘கிளிக்’ என்று ஒரு சத்தம். கத்தரிச் சத்தம். ஒரு கவுனில் நூல் தொங்கலாம், இரண்டில் தொங்கலாம். ஊதா வளையம் போட்ட கவுன் அத்தனையிலுமா நூல் தொங்கும்? ஹேங்கரையும் உடனே வெளியே கொடுத்துவிடுவாள். அதிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் வந்தார். ஆள் உள்ளே நுழையும் முன்பே குரல் நுழைந்துவிட்டது.

“நான் முப்பத்தஞ்சு வருஷம் கணக்கு டீச்சர். என்னை ஏமாத்த முடியாது. எனக்கு லார்ஜ். எப்பவும் லார்ஜ்தான். இந்த வாரத்துல இது ஏழாவது கடை.”

“சூப்பரா இருக்கு மேடம்” என்றாள் சூப்பர்.

“இன்னும் போடவே இல்லையேம்மா. கண்ணைத் திறந்துட்டுச் சொல்லு.”

நாடா அவரை உள்ளே கூட்டிப் போனாள். நான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன். முதல் கவுன் போட்டுப் பார்த்தார். “இது நல்லா இல்ல டீச்சர், கழட்டுங்க” என்றாள் நாடா. பிறகு டீச்சரின் குரல், இந்தத் தடவை சின்னதாக.

“அடுத்த வாரம் ரிட்டயர் ஆகறேன்மா. ஸ்கூல்ல மேடை போடறாங்க. போட்டோ எடுத்துச் சுவத்துல மாட்டுவாங்க. பிள்ளைங்க எனக்கு வச்ச பேர் பீப்பா. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டிருக்காளுங்க. அந்தப் பேரை வச்சவளுங்கல்லாம் முன்வரிசையில வந்து உக்காருவாளுங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எனக்கும் இடுப்பு இருக்குன்னு பாக்கட்டும்.”

“இருக்கு டீச்சர். கையைத் தூக்குங்க” என்றாள் நாடா.

எலாஸ்டிக் போட்டாள். சாயச் சொன்னாள், உட்காரச் சொன்னாள். கருநீலத்தில் ஒரு கவுன் கொண்டு வந்தாள். கனமான துணி, வழுக்கி விழுகிற மாதிரி. வழக்கம்போல நூல் தொங்கியது, வழக்கம்போல கிளிக். இடுப்புத் தையலைப் பிரித்து மார்புக்கு இரண்டு விரல் கீழே ஏற்றிக் கையாலேயே தைத்துத் தருவதாகவும், சனிக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். அந்தச் சனிக்கிழமைதான் நாடாவின் மூன்று மாசமும் முடிகிற நாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் சாப்பிடப் போனபோது அவளுடைய ஏப்ரன் என் மேஜைக்கு வந்தது, தேய்க்க. பையில் ஏதோ இடித்தது. மிட்டாய் டப்பா. திறந்தேன். உள்ளே நகத்தளவு வெள்ளைச் சீட்டுகள், ஐம்பது அறுபது இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கலர் நூல் முடிச்சு. சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, கருநீலத்துக்கு ஒன்று. எந்தச் சீட்டு எந்தக் கலர் மட்டக் கவுனுக்குப் போக வேண்டும் என்று அடையாளம் வைத்திருக்கிறாள்! அவள்மேல் பரிதாபமும் வந்தது, அதை மறைக்க மாட்டேன். தாழ்ப்பாள் ஞாபகம் வந்தது. ஆனால் நாலு வருஷமாக ஒரு திருடனுக்காக என் சாப்பாட்டு டப்பாவை மோந்து பார்க்கிறார்களே, அந்த எரிச்சலும் வந்தது. டப்பாவை எடுத்து மேஜைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். திரும்பி வந்தவள் ஏப்ரன் பையைத் துழாவிவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்காமலே போனாள். ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. சனிக்கிழமையும் பகல் முழுக்க யோசித்துவிட்டு, நாலு மணிக்கு எக்ஸ்ரேயின் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் டப்பாவைக் கவிழ்த்தார். சீட்டுகளைக் கிளறினார். நாடாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் வந்து மேஜையைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

“என்னது இது?”

“சைஸ் சீட்டு சார்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சைஸா?

எக்ஸ்ரே என் பக்கம் திரும்பினார். “இஸ்திரிக்கா, திருட்டுன்னு சொன்னீங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு பாக்கலையா?”

“கண்ணாடி எடுத்துட்டு வரல” என்றேன்.

“நீங்க கண்ணாடியே போடறதில்லையே.”

நாடாதான் பேசினாள். “இஸ்திரி ஆவியில அக்காவுக்குக் கண்ணு கலங்கிடும் சார். பொடி எழுத்து தெரியாது.” சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபம் இல்லை. அந்தக் காகிதத்தை நான் செருகிய நாளிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அதற்குப் பிறகு எல்லாவற்றையும் வாயால் சொல்லியிருக்கிறாள். நான் அதையும் களவுக் கணக்கில் சேர்த்தேன்.

“ஏன் வெட்டினீங்க?” என்றார் எக்ஸ்ரே.

“கவுன் பொருந்திடுது சார், சீட்டுதான் பொருந்த மாட்டேங்குது. கண்ணாடியில பார்த்துச் சிரிச்சுக்கிட்டே இருப்பாங்க. கழுத்துக்குள்ள அந்த எழுத்தைப் பார்த்ததும் மூஞ்சி தொங்கிடும். நான் இவ்வளவு பெரிசு இல்லன்னு சொல்லி, மூச்சு விட முடியாத ஒண்ணை எடுத்துட்டுப் போவாங்க.”

“சீட்டில்லாம மூணு கவுன் மாத்தறதுக்கு வந்திருக்கு. எந்த சைஸ்னு தெரியாம முழிச்சுட்டு இருக்கேன்.”

“கொண்டாங்க சார்.”

மூன்றும் வந்தன. அவள் ஒவ்வொன்றின் விளிம்பையும் சீட்டு நூல்களோடு வைத்துப் பார்த்தாள். அந்தந்தக் கவுனின் மடிப்பிலிருந்தே ஒரு இழை உருவி அந்தந்தச் சீட்டில் கட்டியிருக்கிறாள், யாராவது திரும்பி வந்தால் சேர்த்துவிட. மூன்று சீட்டையும் மூன்று கவுன்மேல் வைத்துவிட்டாள். நான் அடையாளம் என்று நினைத்தது அடையாளம்தான், வேறு வகையில்.

எக்ஸ்ரே இளகவில்லை. மேஜையில் ஏற்கெனவே அடித்து முத்திரை குத்தின ஒரு கடிதம் இருந்தது. “உங்க லெட்டர் ரெடியா இருந்துச்சு. இனிமே எதுக்கு?” என்று கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். “கஸ்டமர்கிட்ட மறைச்சது மறைச்சதுதான். இதோ டீச்சரம்மா வந்து வெளிய நிக்கறாங்க. அவங்க கவுன்லயும் வெட்டினீங்கதானே? நீங்களே போய்ச் சொல்லுங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதுதான்.”

நாடா கருநீல நூல் கட்டிய சீட்டை எடுத்துக்கொண்டு போனாள். பின்னாலேயே எக்ஸ்ரே, அவர் பின்னால் நான். போகாமல் இருக்க முடியவில்லை.

டீச்சர் கவுனைப் போட்டுக்கொண்டு, திரையை விலக்கிவிட்டு ட்ரையல் ரூம் கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். சும்மா சொல்லக் கூடாது. மார்புக்குக் கீழே ஒரு கோடு, அங்கிருந்து கால்வரை ஒரே விழுதாகத் துணி. அந்த உடம்பில் அப்படி ஒரு வளைவு இருந்ததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், அவர் உட்பட. பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், ஒண்ணு சொல்லணும். இதுல இருந்த சைஸ் சீட்டை நான் வெட்டிட்டேன். உங்ககிட்டச் சொல்லல.”

டீச்சர் கையை நீட்டினார். சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“மூணு எக்ஸ்” என்றார். “நான் பிள்ளைங்க நோட்டுல போடற தப்புக்குறி மாதிரியே வரிசையா மூணு. அதுக்கப்புறம் ஒரு எல்.”

சீட்டிலிருந்து கண்ணை எடுத்துக் கண்ணாடியைப் பார்த்தார்.

“இந்தக் கண்ணாடியை நேரா நிக்க வச்சது நீதானே? அன்னிக்கு அட்டையைப் பார்த்தேன். மத்த கடையிலெல்லாம் சாய்ஞ்சிருக்கும். அதனாலதான் உன்னை நம்பினேன். கண்ணாடியோட பொய்யை எடுத்துட்டு, உன் பொய்யை வச்சிட்டியா?”

நாடா தலையாட்டினாள். “ஆமா டீச்சர். வச்சுட்டேன்.”

தாழ்ப்பாள் போச்சு என்று நினைத்தேன்.

டீச்சர் மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே ஸ்டூலில் உட்கார்ந்தார். கையைத் தூக்கி, மேல் அலமாரியில் எதையோ எடுக்கிற மாதிரி நீட்டினார். வலது பக்கம் சாய்ந்தார், இடது பக்கம் சாய்ந்தார். ஆழமாக மூச்சு விட்டார். கவுன் எங்கேயும் பிடிக்கவில்லை.

“இந்த இடுப்பு என்னுதா, நீ பண்ணினதா?”

“உங்களுதுதான் டீச்சர். தையலை அங்க கொண்டுவந்தது மட்டும்தான் நான்.”

“ஆறு கடையில லார்ஜ் போட்டு மூச்சைப் பிடிச்சிட்டு நின்னேன்” என்றார் டீச்சர், யாரிடமோ சொல்வது போல. சீட்டை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடினார். “இதை நீ தைக்காதே. வீட்டுக்குப் போய் நானே தைச்சுக்கறேன். உள்பக்கம் இருந்தா இருக்கட்டும்.” எக்ஸ்ரேயின் பக்கம் திரும்பினார். “என் தங்கச்சி அடுத்த மாசம் வருவா, என்னைவிட ரெட்டை. இந்தப் பொண்ணு இருப்பாதானே?”

எக்ஸ்ரே தலையைச் சொறிந்தார். “இருப்பாங்க மேடம்.”

மேஜைக்கு வந்து, குப்பைக்கூடையிலிருந்து கடிதத்தை எடுத்து நாடாவிடம் நீட்டினார். கத்தரியை வாங்கித் தன் டிராயரில் போட்டார். இனிமேல் கேட்காமல் எந்தச் சீட்டையும் தொடக் கூடாது என்றார். நாடாவுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது, கடிதம் ஆங்கிலத்தில் வேறு. அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் சைஸ் எழுத்து மட்டும்தான். நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இவ்வளவு கசங்கினதை வீட்டுக்காரம்மாகிட்டக் கொடுப்பியா? கொண்டா” என்றேன். மன்னிப்புக் கேட்டேனா என்று யாரும் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டு, சூட்டைக் குறைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்குத் தேய்த்தேன்.

தேய்க்கத் தேய்க்க என் பழைய புத்தி தலைதூக்கியது. என் புகார் போனது நாலு மணிக்கு. கடிதம் அதற்கு முன்பே அடித்து வைத்தது. பையை மோந்து பார்க்கிற மனுஷன் இவ்வளவு சுலபமாக எதையாவது தூக்கிக் கொடுப்பாரா? சூப்பரைப் பின்னால் இழுத்து வந்தேன்.

“இதைப் படி. ஒரு எழுத்து விடாமப் படி. சூப்பரா இருக்குன்னு மட்டும் சொன்னே, தெரியும் சேதி.”

அவள் படித்தாள். மறுபடி படித்தாள். “அக்கா, இது நிரந்தரம்னு இல்ல. சோதனைக் காலத்தை இன்னும் மூணு மாசம் நீட்டிச்சிருக்குன்னு போட்டிருக்கு.”

இஸ்திரிப் பெட்டி கையிலேயே இருந்தது. அதை வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அப்படியே எக்ஸ்ரேயின் முன்னால் போய் நின்றேன். ஒயர் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது.

“என்ன இஸ்திரிக்கா, அந்தப் பெட்டியை முதல்ல கீழ வைங்க.”

“சார், நான் படிக்கத் தெரியாதவ. பதினாலு வருஷமா உங்ககிட்டயெல்லாம் மறைச்சுட்டேன். கண்ணுல ஒரு குறையும் இல்ல. ஆனா படிச்சுக் காட்டச் சொல்லிக் கேக்கத் தெரியும். இந்த லெட்டர்ல நிரந்தரம்னு எங்க இருக்கு, காட்டுங்க.”

அவர் நாடாவைப் பார்த்தார், சூப்பரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். “அது டைப் அடிச்சதுல…”

“டீச்சரம்மா இன்னும் வாசல்லதான் வண்டிக்கு நிக்கறாங்க. கூப்பிட்டு அவங்களையும் ஒரு தடவை படிக்கச் சொல்லட்டுமா? மறைச்சது மறைச்சதுதான்னு நீங்கதானே சொன்னீங்க.”

புதுக் கடிதம் பத்து நிமிஷத்தில் வந்தது. சூப்பரை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். முத்திரை விழுந்திருக்கிறதா என்று விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். அதில் ஒரு சுருக்கமும் இல்லை. இருந்தாலும் ஒரு தேய் தேய்த்தே கொடுத்தேன்.

அன்றிலிருந்து நாடா திரைக்குள் எல்லோரிடமும் கேட்கிறாள். சீட்டு இருந்தால்தான் மாற்றித் தருவார்கள், இருக்கட்டுமா, எடுக்கவா என்று. தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். பாதிப் பேர் கிசுகிசுவென்று, “எடுத்துடுங்க” என்பார்கள். அவள் எக்ஸ்ரேயிடம் போய்க் கத்தரியைக் கேட்டு வாங்கிவர வேண்டும். அவர் ஒவ்வொரு தடவையும் எதற்கு என்று கேட்பார்.

அடுத்த மாசம் அவள் ரூமுக்குப் போனேன். ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தேன். தாழ்ப்பாளை மூன்று தடவை போட்டு இழுத்துப் பார்த்தேன். பலமாகத்தான் இருந்தது, ஆணி ஒன்று மட்டும் சற்று ஆடியது. அதை வீட்டுக்காரம்மாவிடம் சொல்லச் சொன்னேன். நாடா தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கையிலிருந்த கறுப்பு எலாஸ்டிக்கைக் கழற்றினாள்.

“இங்க யாரும் இல்லக்கா. ஒரே ஒரு தடவை.”

“வேணாம் போ.”

“கையைத் தூக்குங்க.”

தூக்கினேன். சாயச் சொன்னாள், சாய்ந்தேன். உட்காரச் சொன்னாள், அவளுடைய புதுக் கட்டிலில் உட்கார்ந்து எழுந்தேன். குனிந்து பார்த்தேன். எலாஸ்டிக் என் ஏப்ரன் கயிறு கட்டுகிற இடத்தில் இல்லை. விரலை வைத்து அளந்தேன். மூன்று விரல் மேலே போய் நின்றிருந்தது. அவள் அதே சிரிப்பைச் சிரித்தாள்.

அந்த எலாஸ்டிக் பழசு. இழுவை விட்டுப்போனது. அதனால்தான் மேலே ஏறியிருக்கும் என்று இன்றைக்கும் சொல்கிறேன். ஏப்ரன் கயிற்றை மட்டும் மறுநாளிலிருந்து மேலே கட்ட ஆரம்பித்தேன், தேய்க்கிறபோது குனிய வசதியாக இருக்கிறது என்பதற்காக.